துறைக்கு வந்து சேராத காய்

கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தால் எல்லோரும் இலையைப் பார்ப்பார்கள். அவர் வாசலைப் பார்ப்பார். எத்தனை வாசல், ஒரே நேரத்தில் எத்தனை பேர் நுழையலாம், சமையல்கட்டு வழியாக வெளியே போக முடியுமா என்றெல்லாம் பார்த்துவிட்டுத்தான் இலையில் தண்ணீர் தெளிப்பார். பெரியகுளத்தில் என் மச்சினன் கல்யாணத்துக்கு வந்தவர், பருப்புக்கு நெய் விடுகிற நேரத்தில் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, இந்த மண்டபத்துல ஐநூறு பேரு இருக்கோம். வழி ஒண்ணுதான். எல்லாரும் வெளிய போகப் பதினோரு நிமிசம் ஆகும்."

"எதுக்குண்ணே வெளிய போகணும்? இன்னும் பாயசமே வரலையே."

"போகணும்னு சொல்லல. ஆகும்னு சொன்னேன்."

அதற்குப் பிறகு எனக்குப் பாயசம் இறங்கவில்லை. அவரோடு பழகிய ஆறு வருடமும் இப்படித்தான். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவர் எழுந்து போன பிறகு, உட்கார்ந்திருந்த இடத்தில் ஏதோ நடக்கப்போகிற மாதிரியே இருக்கும்.

தொழில், நிலம் அளப்பது. கெங்குவார்பட்டியில் தனியாகக் குடியிருந்தார். சர்வேயர் என்று சொன்னால்தான் ஆட்களுக்குத் தெரியும். பெரியகுளத்தில் நான் வைத்திருக்கும் அச்சுக்கடைக்கு முதன்முதலாக வந்தவர், வந்த வேலையைச் சொல்லவில்லை. வாசலில் நின்று அகலத்தைக் கையால் அளந்தார்.

"வாசல் ஒண்ணுதான். நாலடி. ஒரு ஆள் குறுக்க நின்னா யாரும் உள்ள வர முடியாது."

"ஏசி ஓடுதுண்ணே. ரெண்டு வாசல் வச்சா காத்து நிக்காது" என்றேன். ஆளைத் தெரியாமல் சொன்ன பதில்.

வந்த வேலை, கல்யாணப் பத்திரிகை அடித்து மிஞ்சும் கெட்டி அட்டைக் கழிவு கிடைக்குமா என்று கேட்பது. எதற்கு என்றேன். படைகள் செய்ய என்றார்.

அவர் செய்தது மேஜை மேல் விரித்து ஆடுகிற போர் விளையாட்டு. என்றைக்கோ நிஜமாக நடந்த ஒரு சண்டையை எடுத்துக்கொள்வார். அந்த இடத்தின் வரைபடத்தைத் தேனடை மாதிரி ஆறு பக்கக் கட்டங்களாகப் பிரிப்பார். அட்டையில் வெட்டிய ஒவ்வொரு காயும் ஒரு படைப்பிரிவு. ஒரு ஆட்டம் என்பது அன்றைய சண்டையில் அரை மணி நேரம். அடிபட்டதா தப்பித்ததா என்று பகடை சொல்லும். ஆடுகிறவர் அன்றைக்கு நடந்ததை மாற்றி ஆடலாம், தோற்றவரை ஜெயிக்கவும் வைக்கலாம். ஆனால் அன்றைக்கு முடியாத ஒன்று இன்றைக்கும் முடியக் கூடாது. அதுதான் அவருடைய சட்டம். செய்து முடித்ததை எங்கெங்கோ வெளியூர்களில் இருந்த இவரைப் போன்ற நாலைந்து பேருக்கு அனுப்புவார். அவர்கள் பிழை கண்டுபிடித்து எழுதினால் தீபாவளி வந்த மாதிரி சந்தோஷப்படுவார்.

பகடை உருட்டுகிறார்கள் என்று யாரோ சொல்லி, ஒரு நாள் ஏட்டையா அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். இரண்டு கதவுகளைச் சேர்த்துப் போட்ட மேஜையில் நாங்கள் ஆடிக்கொண்டிருந்தோம். காசு எங்கே என்று தேடினார். இல்லை. அட்டைக்காய்களின் பின்னால் தங்க எழுத்தில் 'மணமக', 'சுபமு' என்று அரைகுறையாக இருந்ததைப் பார்த்துக் குழம்பிப் போனார். பிறகு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு அவரே ஒரு பக்கம் ஆட உட்கார்ந்தார். மத்தியானம் வரை ஆடி, தோற்கிற நிலைமை வந்ததும் கெஞ்சினார்.

"சர்வேயரே, ஒரே ஒரு கட்டம் விட்டுக் கொடுங்க. என்ன ஆகிரப் போகுது?"

"அந்தக் கட்டத்துல முப்பது பேரு நிக்கிறாக ஏட்டையா. விட்டுக் கொடுத்தா செத்துருவாக. அவுககிட்டக் கேட்டுக்கங்க."

சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. ஏட்டையா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

வீரபாண்டித் திருவிழாவுக்கு ஒருமுறை அவரோடு போயிருந்தேன். நான் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் ஆற்றுப்பாலத்தில் கைக்கடிகாரத்தோடு நின்று, நிமிடத்துக்கு எத்தனை பேர் தாண்டுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். தீச்சட்டி எடுத்தவர்களை மட்டும் தனியாக எண்ணினார். கையில் பாரம் இருந்தால் ஆள் எவ்வளவு மெதுவாக நடப்பான் என்பதற்கு அது கணக்காம். எங்கள் பக்கத்துத் தோப்புகளையெல்லாம் வரைபடத்தில் அழித்துவிடுவார். "அப்ப இங்கன தென்னை இல்ல தம்பி, வயலு" என்பார். அவரோடு பஸ்ஸில் போனால் ஜன்னலுக்கு வெளியே இருக்கிற பாதி ஊர் காணாமல் போகும்.

இப்படிப்பட்டவரிடம் போய் எங்கள் சாமியின் சண்டையைச் செய்து தரச் சொன்னவன் நான்தான். தன் வாயால் கெடுவது தவளை மட்டுமில்லை.

எங்கள் ஊர் மலையடிவாரத்தில், பெரியகுளத்துக்கும் கெங்குவார்பட்டிக்கும் நடுவில். பாளையக்காரர் காலத்தில் கம்பெனிப் படை வந்து ஊரின் மண்கோட்டையைப் பிடித்தது. அன்று மலையடிவாரத்துக் காவல் கொட்டகையில் இருந்த எங்கள் பாட்டன், முப்பது ஆட்களோடு ஓடிவந்து ஆற்றுத்துறையை மறித்து நின்று, பொழுது சாயும்வரை போராடிச் செத்தார். அவர்தான் துறைச்சாமி. ஆனால் கண்மாய் மடைக்குக் காவலாக இருந்தவன் எதிரிக்குக் கரை வழியைக் காட்டிக் கொடுத்துவிட்டதால், உச்சிப்பொழுதுக்கு முன்பே கோட்டை போய்விட்டது. கதை இவ்வளவுதான். இதற்காகப் பங்குனித் திருவிழாவில் எங்கள் வகையறாவுக்கு முதல் மரியாதை, பரிவட்டம். முறை வைத்து ஒவ்வொரு வருடம் ஒரு வீட்டுக்கு. மடைக்காரன் வம்சத்துக்குக் கடைசித் திருநீறு. ஊரே வாங்கி முடித்து, தட்டைத் துடைத்துக் கொடுப்பது.

அந்த வம்சத்தில் இப்போது இருப்பது செல்வராணியும் அவள் மகளும்தான். செல்வராணி மா ஒட்டுக்கன்றுப் பண்ணை வைத்திருக்கிறாள். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அவள் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள், 'காட்டிக் கொடுத்த வீடு' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கொடுத்த மோரைக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அது எனக்கும் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரும் எதுவும் செய்யவில்லை.

துறைச்சாமிக்குப் புதுக் கோயில் எழும்பிக்கொண்டிருந்தது. அடுத்த பங்குனியில் பரிவட்டம் என் வீட்டு முறை. கோயில் மண்டபத்தில் சண்டையைப் பெரிதாக விரித்து, வருகிறவர்கள் ஆடிப் பார்க்கட்டும் என்று எனக்கு ஆசை. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நடந்தது நடந்தபடி வேணுமா, கதைப்படி வேணுமா?"

"ரெண்டும் ஒண்ணுதானண்ணே" என்றேன்.

ஆதாரம் வேண்டும் என்றார். எங்கள் பெரியண்ணன் (பெரியப்பா மகன், வகையறாவுக்குத் தலைவர்) வீட்டுச் சாமியறையில் கண்ணாடி போட்டு ஒரு மானியப் பத்திரம் இருக்கிறது. கம்பெனி கொடுத்தது. பாட்டனின் வீரத்தை எதிரியே மெச்சி, அவர் பிள்ளைகளுக்கு நிலம் கொடுத்தான் என்பது எங்கள் பெருமை. பழைய எழுத்து, எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. வருடா வருடம் சந்தனம் பூசுவோம், அவ்வளவுதான். அதைப் போனில் படம் எடுத்து நானே அவருக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துக் கடைக்கு வந்தார்.

"பத்திரத்துல உங்க பாட்டன் பேரு இருக்கு தம்பி."

"ஆமாண்ணே, அவரு பிள்ளைகளுக்குக் கொடுத்தது."

"பிள்ளைகளுக்குன்னு இல்ல. அவருக்கே கொடுத்திருக்காக. வாங்கிக்கிட்டதுக்கு அவரே கீழ கையெழுத்துக்குப் பதிலா வாள் குறி போட்டிருக்காரு. சண்ட முடிஞ்சு மூணாம் மாசம்."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதல் மாதிரி ஒன்று சொன்னார்.

"அவசரப்பட வேணாம். பேரனுக்குத் தாத்தா பேருதான வப்பாக. குறி போட்டது பேரனா இருக்கலாம். ஒரு பேப்பர நம்பி ஒருத்தரச் சாகடிக்கவும் கூடாது, பொழைக்க வைக்கவும் கூடாது. நடந்து பாத்துருவோம்."

நடப்பதற்குக் கார்த்திகை வரை காத்திருந்தார். சண்டை நடந்தது கார்த்திகையில். "பங்குனியில நடந்தா அது பங்குனிச் சண்ட" என்றார். அப்போது வயலாக இருந்த இடத்தில் இப்போது தோப்பு. அதனால் மிச்சமிருந்த மூன்று வயல்களில், நெல் நிற்கிற சேற்றில், முதுகில் இருபது கிலோ அரிசி மூட்டையோடு நடந்து, ஆள் எத்தனை வேகத்தில் போக முடியும் என்று குறித்துக்கொண்டார். மூட்டை, ஈட்டிக்கும் கேடயத்துக்கும் வெடிமருந்துப் பைக்கும் பதில். பிறகு கொட்டகை இருந்த இடத்திலிருந்து துறை வரை தூரத்தை அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்தது செல்வராணி. வழி அவள் பண்ணைக்குள் போனதால் விசாரித்தாள். விசாரித்தவள் கூடவே வந்துவிட்டாள். நானும் சேற்றில் மூட்டையோடு நடந்தேன். மூன்றாவது நாள் என் குதிகால் வெடித்து ரத்தம் வந்தது. அதனால்தான் சொல்கிறேன், எனக்கு அது யாரோ சொல்லித் தெரிந்த விஷயம் இல்லை. என் காலுக்கே தெரியும்.

கணக்கு இதுதான். கம்பெனிப் படையின் முகாமும் எங்கள் காவல் கொட்டகையும் பக்கத்துப் பக்கத்தில். வண்டிப்பாதை எதிரி கையில். அந்தப் பாதையில் எதிரி துறைக்குப் போக ஒரு மணி பத்து நிமிடம். பாட்டன் வயல் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும், ஒரு மணி ஐம்பது. நாற்பது நிமிடம் பிந்துகிறார். அவர் போய்ச் சேரும்போது மறிப்பதற்கு யாருமில்லை. மடைக்காரனோ கண்மாயின் அந்தக் கோடியில் இருக்கிறான். முகாமுக்கு வந்து, வழிகாட்டிக் கூட்டிக்கொண்டு போனால் கோட்டை விழப் பொழுது சாய்ந்துவிடும். கோட்டை விழுந்தது உச்சிக்கு முன்.

கதவு மேஜையில் இதைப் பலமுறை ஆடினோம். பகடை எப்படி விழுந்தாலும் எங்கள் காய் துறைக்கு நேரத்தில் வந்து சேரவே இல்லை. கடைசியில் அவர் பாட்டனின் காயை இரண்டு விரலால் எடுத்து, எதிரிப்படைக்கு வழிகாட்டியாக முன்னால் வைத்து நகர்த்தினார். கரை வழி. மடை. கோட்டை. எல்லாம் உச்சிக்கு ஒரு ஆட்டம் முன்னால் முடிந்தது.

"இப்படி வச்சா எல்லாம் சரியா வருது தம்பி" என்றார். குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. செல்வராணி பக்கத்தில்தான் நின்றாள். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்குச் சாமி மேல கோவம் இல்லண்ணே. எம் மக கடேசித் திருநீறு வாங்கக் கூடாது, அம்புட்டுத்தான்" என்றாள் என்னிடம்.

செய்தி பெரியண்ணனுக்கு எப்படிப் போனது என்று தெரியாது. இரண்டு நாளில் என் கடைக்கு வந்தார். சர்வேயர் உள்ளே என் கம்ப்யூட்டரில் வரைபடத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பெரியண்ணன் கோபக்காரர்தான், ஆனால் அன்றைக்குக் குரலை உயர்த்தவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தார்.

"சர்வேயரே, கெங்குவார்பட்டியில தனியாத்தான இருக்கீக?"

"ஆமா. உங்க வீட்டுலருந்து பைக்குல பதினெட்டு நிமிசம். ராத்திரின்னா பதினஞ்சு. லாரி இருக்காது."

பெரியண்ணன் எழுந்து என் தோளில் கை வைத்து, "ஏலே, ஒன் மொறைதான இந்த வருசம்? பாத்துச் செய்யி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கை வைத்த இடம் சாயங்காலம் வரை கனத்தது.

நான் பார்த்துச் செய்தேன். பிளக்ஸ் அடிக்கப் போகும் முன், வரைபடத்தில் காவல் கொட்டகையை ஆற்றுப்பக்கம் இரண்டு கட்டம் கீழே இறக்கினேன். மவுஸை இழுத்து விட்டால் முடிந்தது, ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மனுஷனைக் காப்பாற்றத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

பங்குனியில் மண்டபத் தரை முழுக்கச் சண்டையை விரித்தோம். காய்களைக் கட்டையில் செய்திருந்தோம். துறைச்சாமி முதல் ஆட்டத்திலேயே எதிரிக்கு முன்னால் துறையை மறித்து நின்றார். பெண்கள் குலவை போட்டார்கள். நான் பரிவட்டத்தோடு நின்றேன். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சர்வேயர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து, மலையிலிருந்து துறை வரை விரலால் கட்டங்களை எண்ணினார். ஒருமுறை எண்ணி, மறுபடியும் எண்ணினார். எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரெண்டு கட்டம்" என்றார்.

"உங்களுக்காகத்தாண்ணே செஞ்சேன்."

"ஒரு கட்டம் நகட்டினாலே அந்த நாப்பது நிமிசம் சரியாயிரும், யாரு முந்துனதுன்னு சொல்ல முடியாது. ஆட்டம் சந்தேகத்துல நின்னுரும், என்னையும் யாரும் தொட மாட்டாக. எனக்கு அதுவே போதும் தம்பி. ரெண்டாவது கட்டம் உங்களுக்கு."

அவ்வளவுதான் சொன்னார். யாரிடமும் எதையும் போட்டு உடைக்கவில்லை. வாசல் எத்தனை என்று அன்றைக்கு அவர் பார்க்கவே இல்லை, நேராக நடந்து வெளியே போனார். திருநீற்றுத் தட்டு கடைசியாகச் செல்வராணியிடம் போனபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் கடைக்கு வரவில்லை. அட்டைக் கழிவைத் தனியாக ஒரு பெட்டியில் சேர்த்து வைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டு தடவை போன் செய்தேன், எடுத்தார், "வேலை இருக்கு தம்பி" என்றார். போன ஐப்பசியில், அளவுக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. சாவில் மர்மம் ஒன்றுமில்லை, நான் விசாரித்துவிட்டேன். ஆனால் சேதி வந்ததும் முதலில் பெரியண்ணன் முகம் ஞாபகத்துக்கு வந்ததே, அதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. அவரைக் கதவு மேஜையில் கிடத்தியிருந்தார்கள்.

நேற்று காலை செல்வராணி கடைக்கு வந்தாள். அடுத்த வாரம் திருவிழா. பென் டிரைவை மேஜை மேல் வைத்தாள்.

"ஒரு மேப்பு அடிக்கணும்ணே. கலர்ல."

திறந்து பார்த்தேன். கொட்டகை அதன் பழைய இடத்தில் இருந்தது. கீழே நாங்கள் நடந்த ஒவ்வொரு நடையின் நேரமும், என் பெயரோடு என் நடையும் இருந்தது. பக்கத்தில் மானியப் பத்திரத்தின் படம், வரிக்கு வரி இப்போதைய எழுத்தில்.

"எத்தன காப்பி?"

"ஊர்ல முன்னூத்திப் பன்னெண்டு வீடு. எண்ணிட்டேன். வீட்டுக்கு ஒண்ணு."

"தேனியில நெறையக் கடை இருக்கே ஆத்தா" என்றேன்.

"உங்க கடையிலதான் அடிக்கணும்னு சர்வேயரு சொல்லிட்டுப் போனாக. தப்பா அடிச்ச எடத்துலதான் சரியா அடிக்கணுமாம். மாட்டேன்னா சொல்லிருங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

கேட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பெரியண்ணன்.

"ஏலே, அந்தப் பிள்ள ஒன் கடையிலயா இருக்கா?"

"ஆமாண்ணே."

"ஒண்ணும் அடிக்காத. நான் வாரேன்."

போனைக் கீழே வைத்தேன். செல்வராணி என்னைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து என் கடைக்குப் பைக்கில் இருபத்திரண்டு நிமிடம். இந்த மெஷினில் முன்னூற்றுப் பன்னிரண்டு பிரதி அடிக்க முப்பது நிமிடம். எட்டு நிமிடம் இடிக்கிறது.

காகிதத்தை நிரப்பி மெஷினை ஓடவிட்டேன். பிறகு எழுந்து போய் வாசலில் நின்றேன். நாலடி அகலம், ஒரு ஆள் போதும்.